கனீஸ் பாத்திமா போட்ட ஆற்று ரூட்

பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியின் வேன்களெல்லாம் கனீஸ் பாத்திமா சொன்ன வழியில்தான் ஓடும். கருவடிக்குப்பத்துப் பிள்ளைகளை எந்த வண்டி முதலில் ஏற்றுவது, தேர்த் திருவிழா அன்று வீராம்பட்டினத்து வண்டி எப்படிச் சுற்றிக்கொண்டு வருவது, எல்லாம் அவள் மேசையில் முடிவாகும். ஓட்டுநர்கள் குழம்பினால் அவளுக்குத்தான் போன் போடுவார்கள். வீடு பக்கத்தில் சாரம் பகுதியில். கணவர் ஸாகிப் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். ஐம்பதை நெருங்கும் வயதுவரை பாத்திமா வழி தெரியாமல் நின்றதாக யாரும் சொன்னதில்லை.

மழைக்காலம் முடிந்த கையோடு அதே பள்ளியின் பி.டி. டீச்சர் சரிதா ஒரு யோசனையுடன் வந்தாள். அரியாங்குப்பத்தில் படகுச் சவாரி நடத்திய ஒருவர் தொழிலை விட்டுப் போகும்போது, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போடும் கயாக் ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மணலிப்பட்டில் சங்கராபரணி ஆற்றில் இறங்கி, வில்லியனூரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் அரியாங்குப்பத்தில் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

"நடுவுல அணைங்க இருக்குக்கா. அங்கல்லாம் படகத் தூக்கிக்கினு கரையோரமா நடந்து, அணையத் தாண்டி மறுபடியும் தண்ணியில எறங்கணும். அந்த வழிய மட்டும் நீங்க பாத்துக் குடுங்க" என்றாள் சரிதா.

"வழி போட்டுத் தரேன். ஆனா நான் வர மாட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது."

"வழி போதும்க்கா."

இது ஒரு மத்தியான வேலை என்றுதான் பாத்திமா நினைத்தாள். போனில் வரைபடத்தைத் திறந்தாள். ஆறு நீலக் கோடாக ஓடியது. அணை இருக்குமிடத்தில் கரையோரம் மெல்லிய கோடாக ஒரு பாதையும் தெரிந்தது. அதையே மேலிருந்து எடுத்த படமாக மாற்றிப் பார்த்தால் பாதை இல்லை. பச்சையாக ஏதோ அடர்ந்திருந்தது.

மணலிப்பட்டுப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சரிதாவின் அண்ணன் கன்னியப்பனைக் கூப்பிட்டாள்.

"பாதை இருக்கும்மா. அந்தாண்ட கரையில இருக்கு" என்றார் அவர்.

"அந்தாண்டன்னா எந்தாண்ட அண்ணே? நீங்க எந்தக் கரையில நிக்கிறீங்க?"

"நான் இப்ப வில்லியனூரு மார்க்கெட்டுல நிக்கிறேம்மா."

வடகரையா தென்கரையா என்று கேட்டுப் பார்த்தாள். ஆறு அங்கே தெற்கே திரும்பி ஓடுவதால் அந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. அணை உடைந்துவிட்டது என்றார் ஒருவர். அது உடையவே இல்லை, போன வருஷம்தான் பூசினார்கள் என்றார் இன்னொருவர். பாண்டிச்சேரிப் பொதுப்பணித் துறை அலுவலகத்துக்குப் போன் போட்டால், அந்த இடம் தமிழ்நாட்டு எல்லை என்று பதில் வந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் கேட்டால், அது பாண்டிச்சேரியாச்சே என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் பொய்யில்லை. ஆற்றின் ஒரு கரை இங்கேயும் மறு கரை அங்கேயுமாக மாறி மாறித்தான் வந்தது.

ஒரு வாரம் இப்படிப் போனது. ஐந்து அணைகள் என்று குறித்து வைத்திருந்தாள். பிறகுதான் ஒரே அணையை இந்தக் கரைக்காரர்கள் ஒரு பெயரிலும் எதிர்க்கரைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரிலும் சொல்கிறார்கள் என்பது புரிந்தது. அப்படியானால் இருப்பது மூன்றா, நான்கா? அவளால் சொல்ல முடியவில்லை. பள்ளியில் ஓர் ஓட்டுநர் வழி கேட்டபோது வலப்பக்கம் என்பதற்கு இடப்பக்கம் என்று சொல்லிவிட்டாள். வேன் ஒரு முட்டுச்சந்தில் போய் நின்றது. இப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

"ஏன் இத இவ்ளோ தலையில போட்டுக்கற? போறது அந்த டீச்சருதான" என்றார் ஸாகிப்.

"நேர்ல பாத்துட்டு வந்துடலாமாங்க?"

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஸ்கூட்டரில் போனார்கள். சுத்துக்கேணிக்குக் கிட்டே ஓர் அணை. அதன் பக்கத்தில் பாதை இருந்த இடத்தில் கருவேல முள் ஆளுயரத்துக்கு மூடிக் கிடந்தது. ஸாகிப் ஒரு கிளையை விலக்கப் போய் கையைக் கீறிக்கொண்டார். சற்றுத் தள்ளி மண் வரப்பு ஒன்று தெரிந்தது. அதில் நடந்து பார்த்தார்கள். அணைக்குக் கீழே நல்லபடியாக மணலில் கொண்டுபோய் விட்டது. பாத்திமா அந்த மணலில் நின்று ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வழி கெடச்சிடுச்சில்ல, கெளம்பலாம் வா" என்றார் ஸாகிப்.

"நானும் போவட்டுமாங்க?"

ஸாகிப் கையில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். "நீயா? எதுக்கு?"

அவளுக்கே தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னாள். அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். ஊசுடு ஏரியைத் தாண்டும்போது, "லைஃப் ஜாக்கெட்ட ஒரு நிமிஷங்கூடக் கழட்டக் கூடாது" என்றார்.

அடுத்த இரண்டு ஞாயிறுகளிலும் சரிதா அவளைச் சுண்ணாம்பாற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கி, ஜாக்கெட்டுடன் மிதக்கவும் துடுப்புப் போடவும் பழக்கினாள். பொங்கல் கழிந்த சனிக்கிழமை விடிந்ததும் கன்னியப்பனின் வண்டியில் கயாக்கை ஏற்றிக்கொண்டு போய் மணலிப்பட்டில் இறங்கினார்கள். பாத்திமா முன்னால், சரிதா பின்னால்.

முதல் அணையில் படகைத் தூக்கிச் சுமந்தபோது அதன் கனம் பாத்திமாவின் தோளில் இறங்கியது. நாலு எட்டு நடப்பதும் கீழே வைப்பதுமாகக் கடந்தார்கள். அதுவரை எல்லாம் அவள் நினைத்தபடிதான் இருந்தது.

சுத்துக்கேணி அணைக்கு வந்தபோது வரப்பைக் காணவில்லை. இடைப்பட்ட நாட்களில் யாரோ ஜேசிபி வைத்து அந்த இடத்தை வெட்டியிருந்தார்கள். வரப்பு இருந்த இடத்தில் சேறும் பள்ளமும்தான் இருந்தன.

"இங்கதான் இருந்துச்சு சரிதா. நானும் அவரும் நடந்தோம்."

"வேற எடமா இருக்கும்க்கா."

"அதே புளியமரம்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் இன்னொரு புளியமரம் நின்றது. பிறகு அவளால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பக்கத்தில் கரும்பு வயல். அதன் நடுவே ஒரு சந்து போனது. வயலைச் சுற்றிக்கொண்டு அணைக்குக் கீழே இறங்கிவிடலாம் என்று சரிதா சொன்னாள். படகைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். இரண்டு பக்கமும் தலைக்கு மேல் கரும்பு. அதன் சோகை இலை முகத்தில் அறுத்தது. சந்து ஒரு இடத்தில் திரும்பியது, மறுபடி திரும்பியது. சூரியன் உச்சியில் நின்றதால் திசையும் பிடிபடவில்லை. போனை எடுத்துப் பார்த்தாள் பாத்திமா. அவள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி ஆற்றின் நடுவே மிதந்துகொண்டிருந்தது.

"இதுல நாம தண்ணியில இருக்கோம்" என்றாள்.

சரிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாத்திமாவுக்கு அழுகைதான் வந்தது. படகைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். எத்தனை பேரிடம் கேட்டோம், நேரில் வந்தும் பார்த்தோமே என்று மனசு திரும்பத் திரும்ப அதையே சொன்னது.

சரிதா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "குடிங்கக்கா. எந்தப் பக்கமாச்சும் போவோம். கரும்பு முடியாமலா போயிடும்?"

கரும்பு முடிந்தது. எதிரே தண்ணீர் ஓடியது. ஆற்றைவிடக் குறுகலாகத்தான் இருந்தது. அணைக்குக் கீழே அப்படித்தான் இருக்கும் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இறங்கித் துடுப்புப் போட்டார்கள். ஆகாயத்தாமரையைத் தள்ளித் தள்ளிப் போக வேண்டியிருந்தது. வெகுநேரம் கழித்துக் கரைகள் இரண்டும் விலகின. கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். நாரைகள் கூட்டமாக நின்றன.

"கடல்கிட்ட வந்துட்டோமா? வில்லியனூரே வரலியே" என்றாள் பாத்திமா.

அவள் போன் அடித்தது. வில்லியனூர்ப் பாலத்தடியில் பிரியாணிப் பொட்டலத்துடன் மத்தியானத்திலிருந்து காத்திருந்த ஸாகிப்.

"எங்க இருக்க?"

"தெரியலங்க."

"தெரியலன்னா? என்ன தெரியுது, அதச் சொல்லு."

"தண்ணி. நெறைய கொக்கு, நாரை. தூரத்துல ரோடு, பஸ் போவுது."

அவருக்கு இடம் பிடிபட்டுவிட்டது. "பாத்திமா, அது ஊசுட்டேரி. ஏரிக்குத் தண்ணி போற வாய்க்கால்ல வந்திருக்கீங்க."

அவர் வந்து சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. இருவரும் கரையில் சேற்றுக் காலுடன் உட்கார்ந்திருந்தார்கள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவள் கன்னத்தில் சோகை கீறிய கோடுகளைப் பார்த்தார். "எரியுதா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் படகை வண்டியில் கொண்டுபோய் வில்லியனூரில் இறக்கி, அங்கிருந்து அரியாங்குப்பம்வரை போனார்கள். தூக்க வேண்டிய இடம் ஒன்றும் இல்லை. எல்லாம் வரைபடத்தில் உள்ளபடியே வந்தது. கழிமுகத்தில் கடலைக் கண்டதும் சரிதா துடுப்பைத் தூக்கிக் கத்தினாள். பாத்திமாவும் சந்தோஷப்பட்டாள். ஆனால் வழியெல்லாம் அவள் நினைப்பு முந்தைய நாளில்தான் இருந்தது. எந்த இடத்தில் வழி தப்பினோம்?

அந்த வயலில் கரும்பு வெட்டியதும் கன்னியப்பன் போன் செய்து சொன்னார். ஸாகிப்புடன் போய்ப் பார்த்தாள். வெட்டிய வயல் மொட்டையாகக் கிடந்தது. ஒரு கோடியில் ஆறு, மறு கோடியில் வாய்க்கால். நடுவில் நின்றால் இரண்டும் ஒருசேரத் தெரிந்தன, அவ்வளவு பக்கம்.

"இதுக்குள்ளயா சுத்தினீங்க?" என்றார் ஸாகிப்.

அவள் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தாள். எங்கே நுழைந்தது, எங்கே உட்கார்ந்து அழுதது, ஒன்றும் பிடிபடவில்லை. சலித்துப்போய்த் திரும்பி வந்தாள்.

"அங்கதான்னு நெனைக்கிறேன்" என்று ஒரு பக்கம் கையைக் காட்டினாள். பிறகு கையை இறக்கிக்கொண்டாள். "இல்ல, தெரியலங்க."

ஸாகிப் காலணியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, அவளுடன் ஆற்றங்கரைக்கு நடந்தார். மழைத் தண்ணீர் வடிந்து ஆற்றில் இப்போது கணுக்காலளவுதான் இருந்தது. இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்கு நடந்து போனார்கள்.