எக்ஸ்பிரஸ் அக்காவின் வலது கை

ஸ்டுடியோவில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் அக்கா என்று பெயர். எவ்வளவு வேகமான வயலின் பகுதியைக் கொடுத்தாலும் வாசித்துத் தள்ளிவிடுவாள். அதுதான் சோறு போட்டது. வலது கை நடுங்கத் தொடங்கியது தனக்கு மட்டுமே தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். வில் ஓடுகிற ஓட்டத்தில் நடுக்கம் எங்கே தெரியப்போகிறது? வீட்டில் டம்ளரை இடது கையால் எடுக்கப் பழகிக்கொண்டாள். கணவர் கேட்டதற்கு ஏதோ சப்பைக்கட்டு கட்டினாள்.

வினை தம்பி வடிவில் வந்தது. கிடார், டிரம்ஸ், புல்லாங்குழல், பியானோ என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறவன் அவன். அடுத்தவர் பாட்டுக்கே உழைத்து அலுத்துப்போய், முதல் முறையாகத் தனக்கென்று ஓர் ஆல்பம் செய்தான். பாடகர் இல்லை, தாளம் இல்லை. பியானோவும் வயலின், செல்லோக்களும் மட்டும். கேட்டால் மனசு அடங்க வேண்டும் என்றான். கேட்கிறவர்களுக்கு அடங்கட்டும். அக்காவோ ஒரே சுரத்தை வில்லின் அடியிலிருந்து நுனிவரை ஆமை வேகத்தில் இழுக்க வேண்டும்; அதில் நடுக்கத்தை ஒளிக்க இடமே இல்லை. வர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொந்தத் தம்பியின் ஆல்பத்துக்கு ஏன் வரவில்லை என்று நாலு பேர் கேட்க மாட்டார்களா? காரணம் தெரிந்தால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

முதல் டேக் கெட்டது. அடுத்ததும் கெட்டது. தம்பி பியானோவை விட்டு எழுந்து, ஹெட்போனில் அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டான். கடைசி வரிசை மைக்கில் ஒரு வயலின் விட்டுவிட்டு ஒலிக்கிறது என்றான். அந்த மைக்கின் முன்னால் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி அக்கா. இன்னொருத்தி, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு முதல் வேலைக்கு வந்திருந்த ஒரு பெண்.

தம்பி அக்கா பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணிடம், பதற்றமாக இருந்தால் இன்றைக்குப் போகலாம், பிறகு கூப்பிடுகிறேன் என்றான். அந்தப் 'பிறகு' வரவே வராது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். நடுங்கியது தன் கைதானோ என்று அவள் விரல்களைச் சந்தேகமாகப் பார்த்தாள். வயலினைப் பெட்டியில் வைத்தாள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் அக்கா பிழைத்துக்கொள்வாள். அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவுவரை போகும்வரை அவள் அப்படித்தான் இருந்தாள். இதைச் சொல்லாமல் விட்டு அக்காவைத் தெய்வமாக்க எனக்கு மனசில்லை.

"அவள அனுப்பாத. நடுங்கினது என் கை."

தம்பி அருகில் வந்து குனிந்தான். "தெரியும்க்கா. ரொம்ப நாளாவே தெரியும். அவ போனதும் அந்த மைக்க மூடிட்டு எப்படியோ ஒப்பேத்தியிருப்பேன். நீ சும்மா இருந்திருக்கலாம்ல?"

"அதுக்கு அவ தலையில போடுவியா?"

பாசம் பொங்க வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. எழுந்து கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவாளர் அறையில் அவர் அருகில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண் திரும்பி வந்து தன் இடத்தில் அமர்ந்தாள்.

அடுத்த டேக் ஓடியது. ஒரு குறையாவது கிடைக்காதா என்று அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கடைசிச் சுரம் ஓய்ந்ததும் தம்பி கண்ணாடி வழியே அவளைத்தான் பார்த்தான். இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டான். உள்ளே இருப்பவர்களோடு பேசுகிற மைக்கை ஒலிப்பதிவாளர் அவள் பக்கம் நகர்த்தினார்.

"வேணாம்," என்றாள். "இதுதான் சரியா இருக்கு."