தனபாக்கியத்தின் முக்காலி

தனபாக்கியத்துக்கு யாருடைய குரலும் வரும். டாக்டர், படகுக்காரன், கம்பவுண்டரான நான், எல்லோரையும் அப்படியே பேசிக் காட்டுவார். புருஷனைப் பறிகொடுத்து, அரிசி ஆலையில் தவிடு கூட்டிப் பிழைத்தவர், 1924இல் ரங்கூன் பபேடான் பகுதியில் ஓரணா வாங்கி வைத்தியம் பார்த்த எங்கள் கண்ணாஸ்பத்திரிக்கு ஆயாவாக வந்தார்.

புரை எடுத்தவர்கள் இரண்டு கண்ணிலும் கட்டோடு, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, ஏழு நாள் மல்லாந்து கிடக்க வேண்டும். எழுந்தால் அறுத்த கண் போய்விடும். அந்த இருட்டில் பலர் செத்தவர்களைக் கூப்பிடுவார்கள். தனபாக்கியம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செத்தவராகவே பதில் சொல்லி அடக்கி வைப்பார். "பேய்க்கு வாடகைக்கு வாய் விடுறீங்களா?" என்று கேலி செய்வேன்.

கியாக்தான் ஊர் ஆலைக்கூலி நல்லப்பனுக்கு ஒரு கண் முன்பே போய்விட்டது. மிஞ்சிய கண்ணில்தான் அறுவை. மூன்றாம் நாள், காலராவில் செத்த மனைவி நீலாம்பாளைக் கூப்பிட்டபடி எழப் பார்த்தார்.

"இந்தாருங்க, நான் இங்கனதான் இருக்கேன். அசையாதீக" என்றார் தனபாக்கியம். மனிதர் அடங்கிவிட்டார். மறுநாளும் அப்படித்தான்.

ஐந்தாம் நாள் தனபாக்கியம் வரவில்லை. ஏன் என்று சொல்லியனுப்பவும் இல்லை. எனக்கு மருந்து கலக்கவே நேரம் போதவில்லை. உச்சிவேளையில்தான் நல்லப்பன் ஞாபகம் வந்து, பதறிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலை அசையவில்லை. உதடு மட்டும் மெல்லப் பேசிக்கொண்டிருந்தது. கட்டிலை ஒட்டி முக்காலி கிடந்தது. காலையில் அதை வராந்தாவில் போட்டு உட்கார்ந்துவிட்டு, அங்கேயே விட்டு வந்தவன் நான். உள்ளே போகாமல் மருந்தறைக்கே திரும்பிவிட்டேன்.

ஏழாம் நாள் தனபாக்கியம் தள்ளாடி வந்து, வாசலிலேயே என்னிடம் கேட்டார். "ரெண்டு நாளாக் காய்ச்சல். அந்த மனுசன் கண்ணு என்னாச்சு?"

டாக்டர் கட்டைப் பிரித்தார். நல்லப்பன் விரல்களைச் சரியாக எண்ணினார். தனபாக்கியம் அழுதேவிட்டார்.

"மொத ரெண்டு நாளு பேசுனது நீங்கதான்னு தெரியும் ஆயாம்மா" என்றார் நல்லப்பன். "நீலா என்னைய 'இந்தாருங்க'ன்னு கூப்பிட்டதே இல்ல. எனக்காக இம்புட்டு மெனக்கெடுறீகளேன்னு அசையாமக் கெடந்தேன்."

"அப்புறம் ரெண்டு நாளு?"

"அப்புறம் நீலாவே வந்துச்சு. 'அந்தம்மா காய்ச்சல்ல கெடக்கு, இனி நான் பாத்துக்கிறேன்'னுச்சு."

காய்ச்சல் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு தனபாக்கியம் யார் குரலிலும் பேசியதில்லை. நானும் கேலி செய்ததில்லை. கட்டுப் போட்டவர் யாராவது செத்தவரைக் கூப்பிட்டால், தனபாக்கியம் முக்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவார்.