உதடு அசைத்துப் படித்தவள்

வாயை மூடிக்கொண்டு படிப்பவர்கள்தான் வேகமாகப் படிப்பார்கள் என்று கோவில்பட்டியில் நான் சேர்ந்த பயிற்சி மையத்தில் சொன்னார்கள். குரூப் நாலு தேர்வில் முதல் முறை எனக்கு நேரம் போதவில்லை. கடைசி நாற்பது கேள்விகளைப் படிக்காமலே கைக்கு வந்த வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்தேன். அடுத்த முறையும் அப்படியானால் படிப்பை மூட்டை கட்டிவிட வேண்டும் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால் பயிற்சி ஆசிரியர் சொன்னபடி, உதடு அசையாமல் இருக்கப் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு வாரம் படித்துப் பார்த்தேன். பக்கம் புரண்டது, மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. பென்சிலைத் துப்பினேன்.

எனக்குக் காதில் விழுந்தால்தான் புரியும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இது என்ன குற்றமா? பாடத்தை நானே வாசித்து செல்போனில் பதிந்தேன். வேலைக்குப் போகும் வேனில் அதைக் காதில் மாட்டிக்கொண்டு, மடியில் புத்தகத்தை விரித்து, குரல் போகும் இடத்துக்கெல்லாம் விரலையும் கண்ணையும் ஓட்டினேன். பழகப் பழகக் குரலின் வேகத்தைக் கூட்டினேன். புதூர்ப் பக்கமிருந்து வரும் சாலையில் வேன் குதிக்கும், வரி தப்பும். நானும் விடவில்லை.

நான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசுக்குள், அதாவது தொழிற்சாலைக்குள், செல்போன் கொண்டுபோகக் கூடாது; கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே பெட்டியில் குச்சி அடைத்தபடி, வேனில் கேட்டதை வாய்விட்டுச் சொல்வேன். பக்கத்தில் அடைக்கும் அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஒருநாள், கிராம சபை உறுப்பினர்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்று கடகடவென ஒப்பித்தேன். அக்காவின் கை நின்றது.

“ஏட்டி, நான் வருசந்தவறாம கிராம சபைக்குப் போய்க் கையெழுத்துப் போடுதேன். என்னைய யாரு தேர்ந்தெடுத்தா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. சாயங்காலம் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், பதியும்போது இரண்டு வரியைத் தாண்டியிருக்கிறேன். ஊர் வாக்காளர்கள் எல்லோருமே கிராம சபை உறுப்பினர்கள். தேர்தல் ஊராட்சி மன்றத்துக்குத்தான். அந்தத் தப்பை எத்தனையோ தடவை வேகவேகமாகக் கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட உறைக்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தி, அந்த அக்காவுக்குப் புரியும்படி என் சொந்த வார்த்தையில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். நாளாக ஆக, குரல் உள்ளே போய்விட்டது. உதடு மட்டும் நிற்கவில்லை, நான் நிறுத்தவும் இல்லை.

இரண்டாம் முறை எழுதும்போது, தேர்வறை மேற்பார்வையாளர் என் மேசையருகே வந்து, உதட்டை அசைக்கக் கூடாது என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

“சத்தம் கேட்டா எழுப்பி விட்டுருங்க சார், போயிருதேன். உதடு அசையாம எனக்குப் படிக்க வராது.”

அவர் அங்கேயே நின்று காதைக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, நகர்ந்துவிட்டார். இருநூறாவது கேள்வியை நான் முழுசாகப் படித்து முடித்தபோது மணியடிக்க இன்னும் நேரமிருந்தது.

முடிவு இன்னும் வரவில்லை. வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் ஒரு வட்டத்தைக்கூட இந்த முறை நான் குருட்டாம்போக்கில் கறுப்பாக்கவில்லை. எனக்குப் படிக்க வராது என்று இனி ஒருவர் சொல்லட்டும், பார்க்கிறேன்.