டை போட்டிருக்கியா?

எனக்கு மூக்கு மேல கோவம். அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா அந்த ஞாயித்துக்கிழமை நடந்ததுக்குப் பாதிக் காரணம் அதுதான். வைட்ஃபீல்ட்ல ஒரு பார்லர்ல அப்போ ரெண்டு வருஷமா வேலை பார்த்துட்டு இருந்தேன். ரெண்டு வருஷமும் தலை அலசி விடறது, துண்டு மடிக்கிறது, கீழே விழுந்த முடியைப் பெருக்குறது, அவ்வளவுதான். கலர் போடற வேலையை மட்டும் என் கையில குடுக்கவே இல்ல. கேட்டா "இன்னும் கொஞ்ச நாள் பாரும்மா"ம்பாங்க பார்லர் நடத்தற மேடம். பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு. இத்தனை தலைக்குப் பக்கத்துல கிண்ணம் பிடிச்சு நின்னவளுக்கு இனிமே என்னத்தப் பார்க்கணும்னு உள்ளுக்குள்ள ஒரே கொதிப்பு.

அந்தக் கொதிப்புல இருந்தப்பதான் என் நாத்தனா வந்து, "அண்ணி, எனக்கு முன்னாடி மட்டும் நாலு ஸ்ட்ரீக்ஸ் போட்டு விடுங்களேன்"னு கேட்டா. என் வீட்டுக்காரரோட தங்கச்சி, அப்போ இருபத்து நாலு வயசு, கம்பெனியில கஸ்டமர் சப்போர்ட் வேலை. மர்பி டவுன்ல எங்ககூடதான் இருக்கா. அவ டீம்ல எல்லாரும் பிரவுன் தலையா திரியறாங்களாம். நான் சரின்னுட்டேன். மேடம் குடுக்காத தலை வீட்டுலயே கிடைச்சா விடுவேனா?

ஆனா அது சாதாரணத் தலை இல்ல. அதுக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடி அவளுக்கு டைஃபாய்டு வந்து, பொழைச்சு எழுந்த கையோட முடி கொத்துக் கொத்தா கொட்டுச்சு. இடுப்பு வரைக்கும் இருந்தது எலிவாலாகி, கடைசியில காதுக்கு மேல வெட்டிட்டோம். ஆறு மாசம் துப்பட்டா இல்லாம அவ வாசல் தாண்டல. எங்க அத்தை, அதான் அவ அம்மா, தினம் காலையில அவளை முன்னாடி உட்கார வெச்சு எண்ணெய் தேய்ப்பாங்க. புதுசா மொளைச்ச முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாங்க. அப்படி வளர்ந்து அப்பதான் முதுகுல பாதி வரைக்கும் வந்திருந்துச்சு. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ மறுபடி வீட்டுக்குள்ள முடங்கிடுவா. அத்தை முகத்துல நான் முழிக்கவே முடியாது.

இது தெரிஞ்சதால பக்குவம் எல்லாம் சரியாத்தான் பண்ணேன். ரெண்டு நாளைக்கு ஷாம்பு போடாதேன்னுட்டேன், மண்டையில ஊறியிருக்கிற எண்ணெய்ப்பசைதான் தோலைக் காப்பாத்தும். முந்தின நாளே முடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவி விட்டேன். முடியை வெளுக்க வைக்கிற பிளீச்சோட கலக்கற டெவலப்பர்லயும் வேகம் கம்மியா இருக்கிறதா பார்த்து, இருபதாம் நம்பர்தான் வாங்கினேன். சில பேரு சீக்கிரம் வெளுக்கட்டும்னு நாப்பது வாங்கிப் போட்டுட்டு அப்புறம் குய்யோ முறையோன்னு ஓடி வருவாங்க, பார்லர்ல பார்த்திருக்கேன்.

காலையில டீ குடிக்கிறப்போ, எல்லாம் தெரிஞ்சவ மாதிரி கால் மேல கால் போட்டுக்கிட்டு கேட்டேன்: "டை கிய் ஏதாவது போட்டிருக்கியா?"

அவ டம்ளரைப் பார்த்துக்கிட்டே, "இல்ல அண்ணி"ன்னா.

பக்கத்துல அத்தை பீன்ஸ் நறுக்கிட்டு இருந்தாங்க. கத்தி ஒரு நிமிஷம் நின்னுச்சு, அப்புறம் மறுபடி ஓடுச்சு. நான் அதைக் கண்டுக்கல. அத்தைக்கு அன்னிக்கு அத்திபெலேல ஒரு வளைகாப்பு. கிளம்பி வாசல் வரைக்கும் போனவங்க திரும்பி வந்து, "முடி பத்திரம்மா"ன்னாங்க. அவகிட்ட சொல்லல, என்கிட்டத்தான் சொன்னாங்க.

பார்லர்ல ஒரு சட்டம் உண்டு. காதுக்குப் பின்னாடி கொஞ்சூண்டு முடியை வெட்டி, கலவையில போட்டு அரை மணி நேரம் வெச்சுப் பார்க்கணும். முடி தாங்குதா தாங்கலையான்னு அதுலயே தெரிஞ்சுடும். நான் அதை மட்டும் பண்ணல. நம்ம வீட்டுத் தலைக்கு என்ன டெஸ்ட்டு, தினம் பார்க்கிற தலைதானேன்னு ஒரு அலட்சியம். இப்ப நெனைச்சாலும் என்னையே நாலு அறை விடணும் போல இருக்கு.

மதியம் ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சோம். நெத்தி ஓரம், காது எல்லாம் வாசலின் தடவினேன். வேர்லேர்ந்து அரை இஞ்ச் விட்டுட்டு, பிளீச்சைப் பூசிப் பூசி ஒவ்வொரு கொத்தா ஃபாயில்ல மடிச்சேன். நாலாவதை மடிச்சப்போ கண்ணாடியில என்னைப் பார்த்து எனக்கே பெருமையா இருந்துச்சு. மேடம் இப்ப வந்து பார்க்கணும்னு நெனைச்சேன்.

பத்து நிமிஷம் கூட ஆகல. "அண்ணி, சூடா இருக்கு"ன்னா.

"கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். சும்மா உட்காரு."

"இல்ல அண்ணி, நெஜமாவே சுடுது."

"ஏன்டி, நான் போடறேனா நீ போடறியா?"ன்னு எரிஞ்சு விழுந்துட்டு, சும்மா ஃபாயிலைத் தொட்டேன். கிளவுஸ் போட்ட விரலையே சுருக்குன்னு இழுத்துக்கிட்டேன். காபி ஊத்தின எவர்சில்வர் டம்ளர் மாதிரி கொதிக்குது. பிரிச்சா மெல்லிசா புகை. தீக்குச்சி கருகின நாத்தம்.

அவளை இழுத்துக்கிட்டு பாத்ரூமுக்கு ஓடினேன். குழாயைத் திருகினேன். 'புஸ்'ஸுன்னு காத்துதான் வந்துச்சு. நான் பிடிச்சு வெச்சிருந்த பக்கெட்டைப் பார்த்தா அடியில ஒரு சொம்புத் தண்ணி கிடக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி அத்தை அந்தத் தண்ணியிலதான் பாத்திரம் கழுவிட்டாங்க. இருக்குதான்னு நான் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். ஜன்னல் வழியா கீழ் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, நீரு இதியா?"ன்னு, தண்ணி இருக்கான்னு கன்னடத்துல கத்தினேன். "இல்லம்மா, நாளெ பரத்தெ"ன்னாங்க. நாளைக்கு வருமாம்! இங்கே தலை வேகுது.

"அண்ணி, எரியுது, எரியுது"ன்னு அவ குதிக்கிறா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அப்பதான் சமையல்கட்டுல காலையில வந்த குடிதண்ணிக் கேன் கண்ணுல பட்டுச்சு. இருபது லிட்டர். என் வீட்டுக்காரர்தான் எப்பவும் தூக்குவாரு, அன்னிக்கு அவரு டூட்டியில. எப்படித் தூக்கினேன்னு இன்னிக்கும் தெரியல. அங்கேயே தரையில அவளைக் குனிய வெச்சு, ஃபாயிலை எல்லாம் உருவிப் போட்டுட்டு, மொத்தத் தண்ணியையும் தலையில சாய்ச்சேன்.

எரிச்சல் அடங்கிடுச்சு. தோல் சிவந்திருந்ததோட சரி, கொப்புளம் எதுவும் இல்ல. ஆனா முடியை விரல்ல எடுத்தா அப்படியே இழுபடுது, சூயிங்கம் மாதிரி. விட்டா பழையபடி போகல. லேசா நீவினேன், கொத்தோட கையில வந்துடுச்சு. பச்சையும் ஆரஞ்சுமா ஒரு நெறம்.

"போயிடுச்சா அண்ணி?"ன்னு கேட்டா. குனிஞ்ச தலையை அவ நிமிர்த்தவே இல்ல.

பதில் சொல்லத் தைரியம் இல்லாதவளுக்குக் கோவம்தானே வரும்? கத்தினேன். "என்னத்தடி போட்டே தலையில? டை போட்டியா இல்லையா? வாயைத் திற!"

"சத்தியமா டை போடல அண்ணி! மெஹந்திதான் போட்டேன்!"

பீரோவுல துணிக்கு அடியிலேர்ந்து ஒரு பொட்டலத்தை எடுத்துட்டு வந்தா. கருப்பு மெஹந்தி. பேருதான் மெஹந்தி. முடியைக் கருப்பாக்க அதுல ஏதேதோ உலோக உப்பு கலந்திருப்பாங்களாம், பிளீச் பட்டா அது கொதிச்சுடுமாம். மறுநாள் மேடம் சொல்லித்தான் எனக்கே தெரியும். எங்க வீட்டுல டைன்னா வயசானவங்க நரைக்குப் போடறது. மெஹந்தின்னா இலை, குளிர்ச்சி, பண்டிகை. அதைப் போய் யாராவது டைன்னு சொல்லுவாங்களா? நான் கேட்ட கேள்விக்கு அவ பொய்யே சொல்லல.

"எதுக்குடி அதைப் போட்டே?"

வேரை விலக்கிக் காட்டினா. உச்சியில அஞ்சாறு இடத்துல வெள்ளை வெளேர்னு. "காய்ச்சலுக்கு அப்புறம் மொளைச்சது அண்ணி. அம்மா தேய்ச்சுத் தேய்ச்சு வளர்த்தாங்க. இப்படித்தான் வளர்ந்திருக்குன்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது." அதுக்கப்புறம் நான் கத்தல. கத்தரியை எடுத்துட்டு வந்து கெட்டுப்போனதை வெட்டினேன். முன்னாடி அடியோட போனது தெரியாம இருக்க மிச்சத்தையும் குறைச்சுத்தானே ஆகணும், தோளுக்கு மேல வந்து நின்னுச்சு. ரெண்டு பேரும் அழுதோம்.

அத்தை அஞ்சு மணிக்கு வந்தாங்க. பூவும் வளையலும் கையில. அவ துப்பட்டாவைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருந்தா, அந்த ஆறு மாசமும் உட்கார்ந்திருந்த மாதிரியே. அத்தைக்குப் பார்த்ததுமே புரிஞ்சுடுச்சு. துப்பட்டாவை விலக்கினாங்க. கழுத்து வரைக்கும் கையை ஓட்டிப் பார்த்தாங்க. நான் திட்டு வாங்கத் தயாரா சுவரோட ஒட்டி நின்னேன்.

"மண்டையில புண்ணா?"

"இல்ல அத்தை. அவ மெஹந்தி போட்டிருந்தது எனக்குத் தெரியாது. டை போட்டிருக்கியான்னு நான் கேட்டேன், நீங்களும் இருந்தீங்களே."

"நான் இருந்தேன். அதனாலதான் அவ சொல்லல"ன்னாங்க அத்தை. "தலகாணி உறையில கறை பார்த்து எனக்கு எப்பவோ தெரியும். மறைக்கிறாளே, மறைச்சுக்கட்டும்னு வாயை மூடிக்கிட்டேன். மெஹந்திதானே, என்ன பண்ணிடப் போகுதுன்னு நானும்தான் இருந்துட்டேன். ஆனா நீ அந்த வேலை பார்க்கிறவ. வயசுப் பொண்ணுகிட்ட ஆத்தாளை வெச்சுக்கிட்டா நரையப் பத்திக் கேட்பே?"

ஒரு அறை விட்டிருந்தா கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

அவ துப்பட்டா ஒரு மாசத்துல இறங்கிடுச்சு. மெஹந்தியை விட்டுட்டா, நரையோடயே ஆபீஸ் போனா. இப்ப பார்லர்ல என்னைக் கலர் போட விடறாங்க. வர்றவங்ககிட்ட நான் டைன்ற வார்த்தையை எடுக்கிறதே இல்ல. கூட வந்தவங்களை வெளிய உட்கார வெச்சுட்டு, "இந்த ஒரு வருஷத்துல தலையில என்னல்லாம் வெச்சீங்க? மெஹந்தி, மருதாணி, எதுவா இருந்தாலும் சொல்லுங்க"ன்னு கேட்பேன். வீட்டுல மட்டும் கிண்ணத்தைத் தொடல. இனிமே அந்தத் தலை என்கிட்ட வராதுன்னு இருந்துட்டேன்.

ஒண்ணரை வருஷம் போச்சு. போன ஞாயித்துக்கிழமை அவ வந்து என் முன்னாடி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தா. அத்தை அங்கேயேதான் கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தாங்க. நான் எதுவும் கேட்கல. அவளே சத்தமா சொன்னா: "அண்ணி, எனக்கு நரை இருக்கு. அதை மறைக்க முன்ன கருப்பு மெஹந்தி போட்டுட்டு இருந்தேன். அன்னிக்கு நீங்க வெட்டினீங்களே, அதுக்கப்புறம் போடல. ஆனா நுனியில பழசு இன்னும் இருக்கும்."

சொல்லிட்டு காதுக்குப் பின்னாடி நுனியில கொஞ்சூண்டு முடியை அவளே கத்தரிச்சு, என் உள்ளங்கையில வெச்சு மூடினா.

"முதல்ல இதுல போட்டுப் பாருங்க. நான் உட்கார்ந்திருக்கேன்."