யாரும் விரும்பாத அம்பயர் கார்ட்

1. முதல் நாள்

சிட்னியில் செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் விளையாட்டு வீரர்களின் படக் கார்ட் விற்கும் கடையில் சேர்ந்த முதல் நாளே நான் திட்டு வாங்கினேன். கணக்கு எழுதத்தான் என்னை எடுத்திருந்தார்கள். மேசையில் கிடந்த பழைய பேஸ்பால் கார்ட் ஒன்றை, கல்யாணப் படம் பார்ப்பதுபோல், பெருவிரலை முகத்தில் அழுத்தித் தூக்கிப் பார்த்தேன். முதலாளி கிரெக் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டுமாம். விரலில் இருக்கும் எண்ணெய் படத்தைத் தின்றுவிடுமாம். ஒரு சின்ன மட்டைத் துண்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று மனதுக்குள் சிரித்தேன்.

பேஸ்பால் எனக்கு மருந்துக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியிருக்கிறேன். தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடுவது. அந்த அறிவை வைத்துக்கொண்டே இத்தனை வருடம் ஒப்பேற்றிவிட்டேன். இன்று கடையின் பழைய கார்ட் பகுதி முழுக்க என் பொறுப்பு. இப்போது பெருவிரலை வைக்கிறவர்களைத் திட்டுவது நான்.

2. மதிப்பில்லாத செட்

பழைய பேஸ்பால் கார்ட் தேடி வருகிறவர்கள் எல்லாரும் அதே நாலைந்து செட்டைத்தான் கேட்பார்கள். ஒரு கம்பனி ஒரு வருடத்தில் அச்சிட்ட கார்டுகள் மொத்தமும் ஒரு செட். ஒரு பெரிய வீரரின் முதல் கார்ட் இருந்தால் அந்தச் செட்டுக்கு மவுசு. இல்லாவிட்டால் சீண்ட ஆளில்லை. எனக்குப் பிடித்ததோ ஐம்பதுகளில் வந்த ஒரு செட். வீட்டுக்குள் டிவி புதிதாக வந்த காலம் என்பதால், ஒவ்வொரு முகத்தையும் ஒரு மர டிவிப் பெட்டிக்குள் வைத்து அச்சிட்டிருப்பார்கள். பார்க்கப் பார்க்க அழகு.

ஆனால் சேகரிக்கிறவர்கள் இதைக் கண்டால் மூக்கைச் சுளிப்பார்கள். முதல் குறை, மண்ணிற விளிம்பு கொஞ்சம் உரிந்தாலும் வெள்ளை பல்லைக் காட்டும். இரண்டாவது குறை, அதில் அம்பயர்களுக்கும் கார்ட் உண்டு. கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக நிற்கும் அம்பயரைக் காசு கொடுத்து எவன் வாங்குவான் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த அம்பயர்கள் செட்டின் கடைசிப் பகுதியில் வந்தவர்கள். அந்தப் பகுதி குறைவாகத்தான் அச்சானது. ஆகவே ஏளனம் செய்கிறவரும் செட்டை முடிக்க அம்பயரைத் தேடித்தான் அலைய வேண்டும்.

ஒருமுறை அப்படி ஒரு அம்பயர் கார்ட் கடைக்கு வந்தது. கண்ணாடிப் பெட்டியில் ஓரமாக வைத்தேன். பக்கத்து யூனிட்டில் ஏசி உதிரிப்பாகங்கள் விற்கும் நேசன் அண்ணை மத்தியானத்தில் கதைக்க வருவார். சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களின் கிரிக்கெட் லீக்கில் அம்பயராக நிற்பவர். அந்தக் கார்டுக்கு முன்னால் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"அம்பயருக்கும் படம் அடிச்சவங்களோ, ஜெயா?"

ஓம் என்றேன். அப்போதே வாங்கிவிட்டார். அன்றைக்குத்தான் தன் வீட்டுக் கதையையும் சொன்னார். லீக்கின் இறுதியாட்டத்தில், மனைவியின் தம்பி அடித்த பந்து விக்கெட் கீப்பரின் கைக்குப் போக, இவர் அவுட் கொடுத்திருக்கிறார். மட்டையில் படவே இல்லை என்று மச்சான் மைதானத்திலேயே கத்திவிட்டுப் போனவர்தான், அதன்பின் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. இப்போது மகள் பெரியபிள்ளையாகி, அவளின் சாமத்தியவீட்டுச் சடங்கு வருகிறது. தாய்மாமன் இல்லாமல் எப்படிச் செய்வது? மனைவி நாளும் பொழுதும் அழுகிறாவாம். பிழையாகக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் மச்சான் வருவார். ஆனால் அந்த வார்த்தை இவர் வாயில் வரமாட்டேன் என்கிறது. கேட்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

3. தூதுவேலை

அடுத்த வாரம் ரமணன் வந்தார். அமெரிக்காவில் சில வருடம் இருந்தபோது இந்தக் கார்ட் பைத்தியம் பிடித்து, அதோடு சிட்னிக்கு வந்தவர். வழக்கமாக இணையத்தில் வாங்கி, பார்சலாக எடுப்பவர். டிவிப் பெட்டிச் செட்டில் அவருக்கு ஒரேயொரு கார்ட்தான் குறை. நான் விற்றுவிட்ட அதே அம்பயர்.

"ஒரு அம்பயராலை நான் பட்டது போதும், ஜெயாக்கா," என்றார். "இப்ப இன்னொருத்தனைத் தேடித் திரியிறன்."

எந்த அம்பயர் என்று சும்மா கேட்டு வைத்தேன். கிரிக்கெட் லீக் இறுதியாட்டத்தில் அவுட் கொடுத்த சொந்த அத்தான்தானாம். எனக்கு அந்த இடத்திலேயே விக்கல் எடுத்தது.

வாங்கியவர் யார் என்று ரமணன் துளைத்தெடுத்தார். ஒரு வாடிக்கையாளரின் பெயரை இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது என்பது கிரெக்கின் கட்டளை. மீறினால் வேலை போகும். கேட்டுப் பார்க்கிறேன், வெள்ளிக்கிழமை மத்தியானம் வாருங்கள் என்றேன். நேசன் அண்ணையிடம் போய், உங்கள் கார்டை ஒருவர் கேட்கிறார், வெள்ளிக்கிழமை மத்தியானம் கொண்டு வாருங்கள் என்றேன். பெயர் எதுவும் நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை உள்ளே வந்த ரமணன் அத்தானைக் கண்டதும் கதவோடு நின்றுவிட்டார். நேசன் அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கார்டை மேசையில் வைத்து முன்னே தள்ளினார். கோபித்துக்கொண்ட நம் ஆட்கள் நேரே பேசுவார்களா? நடுவில் நான் நின்றேன்.

"அவருக்கு எவ்வளவு வேணுமாம், ஜெயாக்கா?"

"காசு வேண்டாம். பிள்ளையின்ரை சாமத்தியவீட்டுக்கு அவரை வரச் சொல்லும், ஜெயா."

"அவுட் இல்லை எண்டு சொல்லட்டும். வாறன்."

மனிதர் ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்றுகூட நினைத்தேன். நேசன் அண்ணை இப்போது அவரைப் பார்த்தே பேசினார்.

"அது அவுட், ரமணன். பிள்ளைக்காகவும் நான் அதை மாத்தேலாது. நீர் வராட்டிலும் இதைக் கொண்டு போம். உம்மடை செட் ஏன் குறையாக் கிடப்பான்?"

ரமணன் கார்டைக் கையில் எடுத்தார். விளிம்பில் மட்டும் பிடித்து அந்த முகத்தைப் பார்த்தார்.

"பட்டது, அத்தான்," என்றார். "மட்டையிலை பட்டது எனக்கு அப்பவே தெரியும்."

நேசன் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அதை வீட்டை வந்து உம்மடை அக்காவுக்குச் சொல்லும்," என்றார்.

இருவரும் ஒன்றாகத்தான் வெளியே போனார்கள். கார்ட் ரமணனின் கையில் இருந்தது. எவ்வளவு உருகினாலும் சேகரிக்கிறவன் சேகரிக்கிறவன்தான்.

குவேக்கர்ஸ் ஹில் மண்டபத்தில் நடந்த சாமத்தியவீட்டில் தாய்மாமன் தேங்காய் உடைத்தபோது நான் முன்வரிசையில் இருந்து அழுதேன். சொந்தக்காரர்களே அழவில்லை, எனக்கு ஏன் அந்த அழுகை என்று தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நேசன் அண்ணை வந்து, எல்லாம் திட்டம் போட்டுச் செய்த வேலைதானே என்று காதோடு கேட்டார். நான் கத்தரிக்காய்க் கறியை நல்ல கறி என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வாடிக்கையாளரின் பெயரை உயிர் போனாலும் வெளியே சொல்லாதீர்கள். ஆனால் இரண்டு பேரை ஒரே நேரத்துக்கு வரச் சொல்லக்கூடாது என்று எந்தக் கடையிலும் சட்டம் இல்லை.