எட்டு முட்டை அட்டைகள்

பெரிய சனிக்கிழமை காலை, கூட்டேரிப்பட்டில் இருந்த எங்கள் முட்டைக் கடை வாசலில் அப்பா இருந்தார், முட்டை லாரிக்காரர் இருந்தார், நானும் தங்கையும் இருந்தோம். அம்மா இல்லை, மறுநாள் ஈஸ்டருக்காகக் கோயிலைக் கழுவிவிடப் போயிருந்தாள். கட்டாயம் இருந்திருக்க வேண்டிய எட்டு முட்டை அட்டைகளும் இல்லை.

முட்டை வியாபாரத்தில் ஒரு சட்டம் உண்டு. முப்பது குழி உள்ள காலி அட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் முட்டை நிறைந்த அட்டை லாரியிலிருந்து இறங்கும். ஒன்றுக்கு ஒன்று. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுக்க எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் கறி, முட்டை என்று கவிச்சி எதுவும் தொடாததால், அப்பா கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குறையைத் தீர்க்கவென்றே மயிலம் ரோட்டு பேக்கரிக்காரர் ஈஸ்டர் கேக்குக்கு இருநூற்று நாற்பது முட்டை கேட்டிருந்தார். மத்தியானத்துக்குள் தராவிட்டால் வேறு கடையில் வாங்கிக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். இருநூற்று நாற்பது என்றால் எட்டு அட்டை.

அந்த எட்டையும் வெட்டியவன் நான்.

அப்போது திண்டிவனத்தில் ஐந்தாம் வகுப்பு படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் என்பதால், அங்கே சொன்னதெல்லாம் எனக்கு வேதவாக்கு. கைவேலை வகுப்பில் சிஸ்டர் ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தைக் காட்டினார். முட்டை அட்டையைத் துண்டு போட்டு, வண்ணம் பூசி, குழிக்கு ஒரு மிட்டாய் வைத்து ஈஸ்டர் பரிசாகக் கொடுக்கலாமாம். அட்டைக்கு எங்கே போவது என்று அவர் கேட்டதும் வகுப்பு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அதுவரை என்னைக் கேலி செய்ய மட்டுமே திரும்பிய தலைகள் அவை.

பெரிய வெள்ளியன்று கடைக்கு லீவு. அப்பா கோயிலில் சிலுவைப் பாதை வழிபாட்டுக்குப் போன நேரத்தில் வேலையில் இறங்கினேன். அம்மாவிடம் கத்திரிக்கோல் கேட்டேன். எதற்கென்று கேட்காமல் கொடுத்தாள். படிப்புக்கு என்று சொன்னால் கழுத்தில் கிடப்பதையும் கழற்றிக் கொடுத்திருப்பாள். பக்கத்து வீட்டில் மாட்டுக் கொம்புக்கு அடித்தது போக மிச்சமிருந்த நீல பெயிண்டை வாங்கிவந்தேன். மிட்டாய்க்குக் காசில்லாததால் குழிகளில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. தங்கை ஊதி ஊதிக் காயவைத்தாள். அட்டைக்கு ஐந்து துண்டு, துண்டுக்கு ஆறு குழி, மொத்தம் நாற்பது பரிசு. ஒவ்வொன்றிலும் வாங்கப்போகிறவரின் பெயரை எழுதி, இரண்டு கூடைகளில் அடுக்கி வைத்தேன்.

லாரிக்காரர் காலி அட்டைகளை இரண்டு தடவை எண்ணிவிட்டு இடுப்பில் கை வைத்தார். "எட்டு கொறையுதுண்ணே. முட்டைய எதுல எறக்கறது, உன் லுங்கியிலயா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் தங்கை என்னைக் கைகாட்டினாள். "அண்ணன்தாம்பா வெட்டுச்சு. நான் சும்மா ஊதுனேன்."

ஓடிப்போய் இரண்டு கூடைகளையும் தூக்கிவந்தேன். எனக்குப் பயமே இல்லை. "அட்டை எங்கயும் போவலப்பா. அஞ்சாறு முப்பது. கணக்கு சரியாதான் கீது."

"அப்ப உன் சட்டைய அஞ்சா கிழிச்சிக் குடுக்கறேன், போட்டுக்கினு ஸ்கூலுக்குப் போறியா?" என்றார் லாரிக்காரர்.

அப்பா என்னை விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்து துண்டுகளிலிருந்த மல்லாட்டையைக் கொட்டிவிட்டு அவற்றைச் சேர்த்துப் பிடித்து, லாரியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து வைத்தார். "பாரு, நிக்குது." நின்றது. தூக்கிக் காட்டியபோதுதான் நிற்காமல் அவர் கால் கட்டைவிரலில் விழுந்து உடைந்தது. லாரிக்காரர் சிரித்த சிரிப்பில் டீக்கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அப்பா காலைத் துடைத்துக்கொண்டே, "இன்னாடா எழுதிக்கீற இதுல?" என்றார். அவருக்கு எழுத்து தெரியாது. கடைக் கணக்கெல்லாம் சுவரில் கரிக்கோடுதான்.

படித்தேன். சிஸ்டர், சாமியார், உபதேசியார், அம்மா, தங்கை, அத்தை, பஸ் கண்டக்டர், டீக்கடைக்காரர். நாற்பது பேர் தேறாமல் பக்கத்து வீட்டு மாட்டுக்கும் ஒன்று எழுதியிருந்தேன். பெயிண்ட் அதனுடையது அல்லவா. 'லாரி மாமா' என்று வந்ததும் லாரிக்காரர் நிமிர்ந்தார்.

"எனக்கா? எனக்கும் எழுதிக்கீறியா?" வாங்கி மல்லாட்டையை வாயில் போட்டுக்கொண்டார். நீலமாகிப்போன விரல்களைப் பேண்ட்டில் துடைத்தார். "சரி வுடுண்ணே, பையனுக்காக எறக்கறேன். அட்டைக்குக் காசு மட்டும் குடுத்துடு." அட்டைக்கு ஐந்து ரூபாய் என்றவர், நாலு மல்லாட்டை உள்ளே போனதும் மூன்றுக்கு வந்தார்.

முட்டை இறங்கியது. ஆனால் அப்பா நகரவில்லை.

"இன்னொரு தபா படி" என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் துண்டிலிருந்து உரக்கப் படித்தேன். "ஜல்திண்ணே, வெயில்ல முட்டை குஞ்சு பொரிச்சிடும்" என்று லாரிக்காரர் அவசரப்படுத்தினார். அப்பா அசையாமல் கடைசிவரை கேட்டார். கூடையின் அடியில் கையை விட்டும் பார்த்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்பா. ஒண்ணு வுடாம படிச்சிட்டேன்."

என் வாசிப்பு அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மாட்டுக்குக்கூட ஒன்று எழுதிய எனக்கு, முட்டைக் கடைக்காரருக்கும் ஒரு முட்டை அட்டை கொடுக்கலாம் என்று தோன்றவே இல்லை. நாற்பது பெயர்களில் அவர் எந்தப் பெயருக்காகக் காத்திருந்தார் என்பது விளங்க எனக்குப் பல ஈஸ்டர்கள் ஆயின.

அப்பா தலையாட்டிவிட்டுச் சட்டைப்பையைத் துழாவினார். "அட்டைக்கு எவ்ளோடா ஆச்சு?" என்று என்னையே கேட்டார். விரல் மடக்காமல், டீக்கடை வரைக்கும் கேட்கும்படி நானே சொன்னேன். எட்டு மூணு இருபத்து நாலு, உடைஞ்ச முட்டைக்கு ஒண்ணு, ஆக மொத்தம் இருபத்தஞ்சு ரூபாய்.