பெயர்கள் சேரும் இடம்

ஊரில் இருக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள், இந்தத் தெலுங்கு ஊர் மல்காஜ்கிரியில் எனக்குப் பொழுது விடிவதே தமிழ் கேட்டுத்தான். பாடுகிறவருக்குத்தான் தமிழ் தெரியாது. பக்கத்து வீட்டு ரங்கம்மா காரு, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட பாசுரங்களைக் கணீரென்று பாடுவார். "தீனிக்கி அர்த்தம் ஏமிட்டி, அன்னய்யா?" என்று ஒருநாள் ஒரு வரிக்குப் பொருள் கேட்டார். ஸ்ரீரங்கத்தில் பிறந்த நான் திருதிருவென்று விழித்தேன். நான் அடக்கத்தால் சொல்லவில்லை என்று எண்ணி, கைகூப்பிவிட்டுப் போனார், பாவம்.

என் மகள் வைதேகி பாதி நாள் வளர்ந்தது அவர் வீட்டில்தான். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். தோளில் சூடான சங்கு சக்கர முத்திரை வாங்கி ஓர் ஆசாரியருக்குச் சீடராவது எங்கள் வழக்கம். தலைமுறை தலைமுறையாக ஸ்ரீரங்கத்தில் ஒரே ஆசாரியர் வம்சம்தான். என் தோளில் முத்திரை பட்டபோது, இப்போதும் ஊரிலேயே இருக்கும் அண்ணா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வைதேகியோ, ரங்கம்மாவின் ஆசாரியர் இங்கே வரும்போது அவரிடமே வாங்கிக்கொள்வேன் என்றாள். "ஆயன செப்பேதி நாக்கு அர்த்தமவுதுந்தி, அப்பா." அவர் சொல்வது அவளுக்குப் புரிகிறதாம். மறுக்கவும் மனமில்லை, சம்மதிக்கவும் மனம் வரவில்லை.

அண்ணாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "ஏண்டா, நம்மாத்துப் பொண்ணு வேற வரிசைக்குப் போயிட்டா, நமக்கும் அவளுக்கும் அப்புறம் என்னடா இருக்கு?" எனக்கும் அதே பயம்தான். பேச்சும் சாப்பாடும் மாறிப்போன பெண்ணை ஊரோடு கட்டிவைத்திருந்தது அந்த ஆசாரியர் வரிசை ஒன்றுதான்.

எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்த ரங்கம்மா காருவுக்கு 'வைதேகி', 'ஆசாரியர்' என்ற சொற்களிலேயே விஷயம் புரிந்துவிட்டது. ஸ்பீக்கரில் போடச் சொல்லி, தம் குருபரம்பரையை நிதானமாக ஆரம்பித்தார். தம் ஆசாரியர், அவருக்கு ஆசாரியர், அவருக்கும் ஆசாரியர் என்று கீழிருந்து மேலே ஏறும் பெயர்கள். அண்ணா விடுவாரா? எங்கள் வரிசையை வீம்புக்கு ரயில் வேகத்தில் எடுத்துவிட்டார். பெயர்கள் ஒன்றோடொன்று முட்டின. ஏறிக்கொண்டே போனவர்கள் திடீரென்று ஒரே பெயரைச் சேர்ந்து சொன்னார்கள். அதற்கு மேலே பெருமாள்வரைக்கும் எல்லாம் ஒன்றுதான். எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் காதால் கேட்டது அன்றுதான். முடிந்ததும் அண்ணா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அந்த மாமி நன்னா சொல்றாடா. கொழந்தை சூடு தாங்கமாட்டா, கையைப் பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டேன். இப்போதெல்லாம் காலையில் நானும் வைதேகியும் குருபரம்பரையைச் சேர்ந்தே சொல்கிறோம். ஆரம்பத்தில் என் பெயர்கள் வேறு, அவள் பெயர்கள் வேறு. இரண்டும் சேரும் அந்த ஒரு பெயர் வரும்வரை நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன், அவள் மல்காஜ்கிரியில். அவள் வரிசை கொஞ்சம் குட்டை. அந்தப் பெயருக்கு முன்னால் நிறுத்தி, நான் வந்து சேரக் காத்திருக்கிறாள்.